ஏற்காட்டில் ஓடப்போகும் கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு? ஹெச்610, பி760, பி650

2024 ஐப்பசியில் ஒரு ராத்திரி இடிமழையில் ஏற்காட்டில் இருக்கும் என் நண்பனின் கம்ப்யூட்டர் போய்விட்டது. கரண்ட் வழியாக வந்த அடி இல்லை, யூபிஎஸ் நன்றாகவே இருந்தது. பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டு மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள் போட்டிருந்தான், அதன் வழியாக இறங்கியிருக்கிறது. கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். லேன் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சிப்பின் மேல் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம், மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. சேலத்தில் சிப் லெவல் வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "லேன் சிப்பு மட்டும்னா மாத்திக் குடுத்துருவேங்க, இதுல சிப்செட்டும் ஷார்ட் ஆயிருச்சு, விட்ருங்க" என்றார்.

நண்பனுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை. தை முகூர்த்தங்கள் வரிசையாக வரும் நேரம். "மாப்ள, எதை வேணாலும் போடு, ஆனா சீசன்ல நிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னான். ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டது, அவை எல்லாவற்றையும் தாங்கி இணைக்கும் மதர்போர்டுக்கு மட்டும் இரண்டு வாரம் யோசித்தேன். அந்த யோசனைதான் இது.

என் முன்னால் இருந்தவை மூன்று. ஹெச்610, பி760, பி650 என்பவை போர்டில் இருக்கும் சிப்செட்டின், அதாவது ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்பின் பெயர்கள். முதல் இரண்டும் இன்டெல் ப்ராசஸருக்கு, மூன்றாவது ஏஎம்டிக்கு. ஒன்று, ஐ5-12400 ப்ராசஸரோடு ஹெச்610 போர்டு, அப்போது எனக்குச் சொன்ன விலை சுமார் 7,000 ரூபாய். இரண்டு, அதே ப்ராசஸருக்கு பி760 போர்டு, 11,000 பக்கம். மூன்று, ரைசன் 5 7600 ப்ராசஸரோடு பி650 போர்டு, வைஃபையோடு 14,000 பக்கம். நான்காவதாக ஒன்றைக் கடைகளில் தள்ளிவிடப் பார்ப்பார்கள்: பெயர் தெரியாத புதுப் போர்டில் பழைய நான்காம் தலைமுறை ஐ5 செருகி, எல்லாம் சேர்த்து மலிவு விலையில். அதைப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். விண்டோஸ் 11 அந்த ப்ராசஸரை ஏற்காது, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்களின் படங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அது ஆகாது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டும் ஆறு கோர், 12 த்ரெட் ப்ராசஸர்கள், 7600 புதியது, ஃபோட்டோஷாப்பில் வேகமானது, ஆனால் ஆல்பம் வேலைக்கு 12400 ஒன்றும் குறைச்சல் இல்லை. ஹெச்610-இல் ராம் இடம் இரண்டே, ப்ராசஸரோடு நேராகப் பேசும் எம்.2 (போர்டிலேயே செருகும்) எஸ்எஸ்டி வழியும் அதில் கிடையாது, மற்ற இரண்டிலும் உண்டு. கலர் லைட், கண்ணாடிக் கேபினெட் இதெல்லாம் அவரவர் ஆசை.

சூடு பற்றி ஒரு வார்த்தை. போர்டு வாங்கப் போகிறேன் என்றாலே எல்லோரும் விஆர்எம் பார், அதாவது ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் பகுதியைப் பார், அதன் மேல் ஹீட்சிங்க் இருக்கிறதா பார் என்பார்கள். கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் ஓடப்போகிற கம்ப்யூட்டர் என்றால் நானும் அதைத்தான் முதலில் சொல்வேன், அங்கே ஹீட்சிங்க் இல்லாத ஹெச்610-ஐ நாள் முழுக்க வேலை வாங்க எனக்கு மனசு வராது. ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 65 வாட் ப்ராசஸருக்கு விஆர்எம் சூடு பிரச்சினையே இல்லை. பிரச்சினை ஈரம், இடி, போய்ப் போய் வரும் கரண்ட். அதனால் வழக்கமான அறிவுரையை அப்படியே மேலே எடுத்துப் போக முடியவில்லை.

இடிக்கு என்ன செய்வது? எந்த போர்டும் இடியைத் தாங்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், வாரண்டியிலும் அது வராது. செய்யக்கூடியது, போர்டுக்குள் வரும் கம்பிகளைக் குறைப்பது. லேன் கேபிளே செருகாமல் வைஃபையில் ஓட்டினால் ஐப்பசியில் நடந்தது அதே வழியில் திரும்ப நடக்காது. நண்பன் இப்போது ஃபைபருக்கு மாறிவிட்டான், கண்ணாடி இழையில் மின்சாரம் வராதுதான், ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் சுவர் பிளக்கில்தானே இருக்கிறது. அதனால் வைஃபை உள்ள போர்டுதான் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். என் பட்ஜெட்டில் பார்த்த ஹெச்610 போர்டுகளில் அது இல்லை, தனியாக வைஃபை கார்டு போட்டால் விலை வித்தியாசத்தில் கொஞ்சம் கரைகிறது.

ஆனால் என்னைக் கடைசியில் பி650 பக்கம் தள்ளியது வைஃபை இல்லை. போர்டு மக்கர் பண்ணும் நாளில் என்ன நடக்கும் என்ற கணக்குதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் பக்கம், நடுவே 20 கொண்டை ஊசி வளைவு. அவனுக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றத் தெரியாது, எனக்கு வேலைநாளில் மேலே போக முடியாது. ஸ்கிரீன் கறுப்பாக இருக்கிறது என்று அவன் போன் செய்தால், ராம் நழுவியதா, ப்ராசஸரா, எஸ்எஸ்டியா, போர்டே போனதா என்று இங்கிருந்து எப்படித் தெரியும்? தெரியாமல் கேபினெட்டை பஸ்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பச் சொன்னால் ஒரு நாள் போச்சு, ராம்தான் காரணம் என்றால் அந்த ஒரு நாள் சும்மா போச்சு. உண்மையிலேயே போர்டு போயிருந்தால் இன்னும் மோசம். இதற்கு முன் வேறொருவருக்குக் கட்டிய கம்ப்யூட்டரில் போர்டு வாரண்டிக்குள் போனது. கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு வெளியூர் சர்வீஸுக்கு அனுப்பினார், 23 நாள் கழித்துத்தான் மாற்றுப் போர்டு வந்தது. பெரும்பாலான பிராண்டுகளும் 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. அந்த 3 ஆண்டுக்குள் அவனுக்கு 23 நாள் தை மாதத்தில் வந்தால் என்ன ஆவது?

அதனால் போர்டுக்கு நோய் வந்தால் எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்கான வசதி உண்டு. போர்டின் ஓரத்தில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (எஸ்எஸ்டி) என்று எழுதி நான்கு சின்ன விளக்குகள். கம்ப்யூட்டர் எழும்போது ஒவ்வொன்றாகச் சோதித்துப் போகும், எங்கே தடுக்கிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். எம்எஸ்ஐயில் இதற்கு ஈஸி டீபக், ஏசஸில் க்யூ-லெட், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். மலிவு போர்டுகளில் முதலில் கை வைப்பது இதில்தான், அதனால் மாடலின் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தில் அந்த நான்கு பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது வசதி, பயாஸை, அதாவது போர்டை எழுப்பும் அடிப்படை சாஃப்ட்வேரை, ஒரே பட்டனில் ஏற்றுவது. பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, பின்பக்கம் அதற்கென்று குறித்த யூஎஸ்பியில் செருகி, பட்டனை அழுத்தினால் போதும், ப்ராசஸரோ ராமோ இல்லாமலேயே ஏறிவிடும். இது ஏன் பெரிய விஷயம் என்றால், இப்போதெல்லாம் பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போட முடிவதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் சில அளவுக்கு மீறிய வோல்டேஜால் கெட்டுப்போயின, 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் திருத்தம் வந்தது, அந்தத் திருத்தம் வந்து சேர்ந்த வழி போர்டின் பயாஸ்தான். (12400 பன்னிரண்டாம் தலைமுறை, அந்தச் சிக்கலில் இல்லை.) ஏஎம்டி பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன், 2023-இல் 7000 வரிசை எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே, அதாவது போர்டில் உட்காரும் இடத்திலேயே தீய்ந்தன, அப்போதும் பயாஸ் வழியாகத்தான் வோல்டேஜுக்கு 1.3 என்று எல்லை போட்டார்கள். இப்படி அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது ஏற்காட்டில் கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் கிழடாக இருந்தால், போர்டு கல்லாகிவிடும். அந்தப் பட்டன் இருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் சிப் லெவல் அண்ணனிடம்தான் போக வேண்டும்.

இந்த மூன்றும், அதாவது வைஃபை, நான்கு விளக்கு, பட்டன், ஒரே போர்டில் வேண்டும் என்று தேடியபோது ஹெச்610 தானாக விழுந்துவிட்டது. பி760-இல் கிடைத்தது, ஆனால் மூன்றும் சேர்ந்த மாடலுக்குப் போனால் விலை பி650-ஐத் தொட்டது. அந்த விலைக்கு, 12400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் வாங்குவதில் எனக்குத் தயக்கம். 2021 நவம்பரில் வந்த அந்த சாக்கெட்டுக்கு 14-ஆம் தலைமுறையோடு சரி, 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ1851-க்குப் போய்விட்டது. 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்புறமும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4-க்கு 2024-இலும் புது ப்ராசஸர் விட்டார்கள் என்பதால் அந்தப் பேச்சை நம்பலாம். கடைசியில் எம்எஸ்ஐ ப்ரோ பி650எம்-ஏ வைஃபை வாங்கினேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பி650-க்கு டிடிஆர்5 ராம்தான், பழைய டிடிஆர்4 கையில் இருந்தால் உதவாது. பி760-இல் டிடிஆர்4 மாடலும் உண்டு. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இது சின்ன விஷயம் இல்லை, இன்று வாங்குகிறவர்கள் ராமையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்புறம், முதல் தடவை ஆன் செய்ததும் ராமைப் பழக்கிக்கொள்ள இந்தப் போர்டு சில நிமிடம் கறுப்புத் திரையோடு சும்மா நிற்கும், டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பயந்து ஆஃப் செய்யக் கூடாது. முதல் நாள் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வீடியோ எடிட்டிங்தான் முக்கிய வேலை என்றால் நானே பி760 பக்கம் போயிருப்பேன். இப்போதைய கேமராக்கள் தரும் 10-பிட் 4:2:2 ஹெச்இவிசி என்ற வகை வீடியோவை 12400-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் இலகுவாகப் பிரித்துத் தரும், 7600-இல் அது கிடையாது.

விளக்குகள் பயன்பட்டனவா என்றால், ஒரு தடவை. 2025 ஆடியில் நாலைந்து நாள் விடாத மழை, அவன் ஊரில் இல்லை, கம்ப்யூட்டர் பூட்டிய அறையில் கிடந்தது. வந்து ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் இல்லை. போன் செய்தான். சைடு மூடியைக் கழற்றச் சொல்லி, "எந்த லைட்டு நிக்குதுன்னு பாருடா" என்றேன். "டி, ஆர், ஏ, எம்-னு போட்டிருக்குற எடத்துல" என்றான். பத்து நிமிடம் விட்டுப் பார்த்தும் அதே இடம். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, இரண்டு ராமையும் கழற்றி, தங்கநிறக் கோடுகளை மகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, டக் என்று சத்தம் வரும் வரை அழுத்திச் செருகச் சொன்னேன். எழுந்துவிட்டது. மொத்தம் அரை மணி நேரம்.

இது ஒரே ஒரு சம்பவம், ஒரே ஒரு போர்டு. நான் இதுவரை கட்டியதே ஏழெட்டுதான், அதை வைத்து இந்த பிராண்டு உழைக்கும், அந்த பிராண்டு உழைக்காது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஈரத்தில் ஐந்து வருடம் கழித்து இந்தப் போர்டு எப்படி இருக்கும் என்பதை ஐந்து வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடு, உள்ளே கதகதப்பு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன், செய்கிறான்.

இப்போது தங்கும் விடுதி நடத்தும் அவன் மாமாவுக்கு ரிசப்ஷனில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். அதற்கு ஹெச்610 தாராளமாகப் போதும், வைஃபை கார்டு மட்டும் சேர்த்துப் போடச் சொல்வேன். ஒரு நாள் நின்றால் பில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். எல்ஜிஏ1700, ஏஎம்5 இரண்டிலுமே ப்ராசஸரைத் தொடும் ஊசிகள் போர்டில்தான், ஆயிரத்து எழுநூறு பக்கம், தலைமுடி மாதிரி. ஒன்று வளைந்திருந்தாலும் வாரண்டியில் எடுக்க மாட்டார்கள், சாக்கெட்டின் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இல்லாமல் அனுப்பினாலும் தகராறுதான். அந்த மூடியும் பில்லும் போர்டின் அட்டைப்பெட்டியோடு சேலத்தில் என் வீட்டு அலமாரி மேல் இருக்கின்றன. மேலே ஏற்காட்டில் வைத்தால் பெட்டி ஒரே மழையில் பூசணம் பிடித்துவிடும்.