புனேயா, ஜாதவ்பூரா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் என் தங்கை மகள் பட்டம் முடித்துவிட்டாள், அடுத்து சினிமா படிக்கணும் என்கிறாள்.

1960-இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எனக் கைவேலை பழகலாம். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திரைப்படவியலில் இரண்டாண்டு எம்.ஏ.; அங்கே படத்தை வாசிப்பதுதான், அதாவது அலசிப் புரிந்துகொள்வதுதான் பாடம். அரசுப் பல்கலைக்கழகம், கட்டணமும் குறைவு.

இவளோ கடல்பாசி எடுக்கும் பெண்கள் பேசுவதைக் கேட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடிப்பவர்கள், பக்கத்திலேயே குடியிருக்கும் மீனவர்களை ஏன் காட்டுவதில்லை என்று கேட்கிறவள். அந்தக் கேள்விக்கு ஜாதவ்பூர்தான் சரி. அதை முடித்த பிறகும் கேமரா ஆசை மிஞ்சினால், புனே நுழைவுத் தேர்வை எழுதட்டும்.