ஐகான் வரைய முன்பணம் கொடுக்கும் முன்

சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை விண்டோஸுக்காக எழுதி முடித்த நான், அதற்கான ஐகானையும் கருவிப்பட்டைக்கு வேண்டிய 12 சிறு படங்களையும் வரைந்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் இணையம் வழியாக 6,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகவும் மீதியை மாதிரிப் படத்தைப் பார்த்த மயக்கத்திலும் கொடுத்துவிட்டேன். பில் தாளின் மேல் ரூபாய்ச் சின்னம்; பெரிதாகப் பார்க்க அழகாகவே இருந்தது.

வந்து சேர்ந்த ஐ.சி.ஓ. கோப்பை, அதாவது விண்டோஸ் ஐகான் கோப்பை, நிரலுடன் சேர்த்துத் தொகுத்தபோது, அது 3.00 என்ற ஐகான் வடிவத்தில் இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது. நிரலைத் தொகுக்கும் என் கம்பைலர் பழையது என்றார் அவர். கோப்பை நோட்பேடில் திறந்தபோது தொடக்கத்திலேயே பி.என்.ஜி. என்ற எழுத்துகள் தெரிந்தன. பி.என்.ஜி. வகைச் சாதாரணப் படக்கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்.

இரண்டாம் முறை வந்தது உண்மையான ஐ.சி.ஓ.தான் என்றாலும், அதற்குள் 256 பிக்சல் அளவில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஐ.சி.ஓ. என்பது 16, 24, 32, 48, 256 எனப் பல அளவுப் படங்களை ஒன்றாகக் கட்டிய பொட்டலம். இடத்துக்கு ஏற்றதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், சிறியது இல்லையென்றால் பெரியதைச் சுருக்கிக் காட்டும். சாளரத்தின் தலைப்பில் 16 பிக்சலுக்குச் சுருங்கியபோது ரூபாய்ச் சின்னத்தின் இரு கோடுகளும் ஒட்டிக்கொண்டு, பில் தாள் சாம்பல் நிறக் கறையாகிவிட்டது. அந்த அளவுக்கென்று கோடுகளைக் குறைத்துத் தனியாக வரைய வேண்டும். என்னைக் கேட்டால், கூலியே அந்த வேலைக்குத்தான். விண்டோஸ் பழைய ஐகானையே சேமித்து வைத்துக் காட்டுகிறது என்று அவர் சொன்ன சமாதானத்தை, அப்படி நடப்பதும் உண்டு என்பதால் நம்பி, நான்கு நாள்களை வீணாக்கினேன். வேறொரு கணினியில் நிறுவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கருவிப்பட்டைப் படங்களில் ஒன்பது, ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் இலவசமாகக் கிடைக்கும் தொகுப்பிலிருந்து நிறம் மட்டும் மாற்றி எடுக்கப்பட்டவை. கடைகளுக்குக் கொடுத்த பிறகு இது தெரியவந்திருந்தால் கெட்டிருப்பது என் பெயர்தான்.

ஆகவே எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய எஸ்.வி.ஜி. மூலக் கோப்பையும் ஒவ்வோர் அளவுக்குமான தனிப் படத்தையும் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; 16 பிக்சல் படத்தைத் திரையில் பார்க்கும் வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் மூலக் கோப்பைக் கேட்ட நாளிலிருந்து அவரிடமிருந்து பதிலே இல்லை. இப்போது ரூபாய்ச் சின்னத்தை விட்டுவிட்டு, வெறும் பில் தாளை ஜிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அடுக்காக நானே வரைந்து பயன்படுத்துகிறேன். சுமாராகத்தான் இருக்கிறது, ஆனால் பில் தாள் என்று தெரிகிறது.