மூச்சு வாங்க நேரம் கொடுக்கும் ஹெச்ஐஐடி செயலி: ஐந்துக்கு நான்கு

எனக்கு வயது 48. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, படி இறங்கினால் இடது முழங்காலில் வலி. நடைப்பயிற்சியைத் தவிர வேறு பழக்கம் இல்லாத நான் இந்த ஹெச்ஐஐடி (சில விநாடி முழு மூச்சில் பயிற்சி, பிறகு ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது) செயலியின் எட்டு வாரத் தொடக்கநிலைத் திட்டத்தை முழுசாக முடித்துவிட்டு எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஓய்வு நேரத்தை இவ்வளவு அக்கறையாக வைத்த திட்டத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

'தொடக்கநிலை' என்று பெயர் போட்ட வீடியோக்கள் பலவற்றில் 40 விநாடி பயிற்சி, 20 விநாடி ஓய்வு என்றுதான் இருக்கிறது. பழக்கமில்லாத உடம்புக்கு மூன்றாவது சுற்றிலேயே மூச்சு அடங்காது. அதற்குப் பிறகு வேகம் பாதியாகிவிடும், முதுகு வளையும், முட்டி உள்பக்கம் சாயும். இடையில் உடம்பு மீண்டு வந்தால்தானே அடுத்த சுற்றை முழு மூச்சில் செய்ய முடியும்? இதில் முதல் வாரம் 20 விநாடி பயிற்சி, 60 விநாடி ஓய்வு, ஆறே சுற்று. முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் வார்ம்-அப், கூல்-டவுன். மொத்தம் 18 நிமிடம். நாலாவது வாரத்தில் 30க்கு 60 ஆகிறது, ஏழாவது வாரம்தான் 30க்கு 30. வாரம் மூன்று நாள் மட்டும். அடுத்தடுத்த நாளில் போட்டால் செயலியே தடுத்துவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஓய்வுத் திரை. விநாடி ஓடும்போதே, 'ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா?' என்று கேட்கிறது. 'இல்லை' என்று தொட்டால் இன்னும் 15 விநாடி கூடும். உட்காராமல் மெதுவாக நடக்கச் சொல்வதும் சரியான யோசனை. ஜம்ப் ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து, எழும்போது குதிப்பது) முடிந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்து என்ன செய்யணும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பேச்சை வைத்து அளப்பது பழைய முறைதான், ஆனால் எனக்குக் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைவிட நம்பகமாக இருந்தது. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்குப்படி என் அதிகபட்ச இதயத்துடிப்பு 172, தீவிரப் பயிற்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 80 சதவீதம் கிட்டத்தட்ட 138. (அந்தக் கணக்கே தோராயமானது, ஆளுக்கு ஆள் நிறைய மாறும்.) நான் திணறும் நேரத்தில் கடிகாரம் 115 காட்டும், ஓய்வில் நிற்கும்போது 140க்கு ஏறும். துடிப்பு சட்டென்று மாறும்போதும், கை வேகமாக ஆடும்போதும் மணிக்கட்டு சென்சார் பின்தங்கும். மார்பில் கட்டும் பட்டை இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

ஒவ்வொரு அசைவுக்கும் குதிக்காமல் செய்கிற வடிவம் ஒன்று உண்டு. தரையில் கை ஊன்றி, இரு கால்களையும் பின்னால் வீசி, எழுந்து குதிக்கும் பர்ப்பிக்குப் பதில் உறுதியான நாற்காலியில் கை ஊன்றி, ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்து எழலாம். டைமரை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ள முடிகிறது. என் முழங்காலுக்கு இதுதான் கைகொடுத்தது.

ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்றால், எட்டாவது வாரத்தில் 20 விநாடி பயிற்சி, 10 விநாடி ஓய்வு வைத்து, அதற்கு 'டபாட்டா, நாலு நிமிடம் போதும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பெயருக்குக் காரணமான ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இளைஞர்கள் சைக்கிள் எர்கோமீட்டரில் (சுமையை அளந்து வைக்கக்கூடிய, நகராத சைக்கிள்), உடம்பு அதிகபட்ச ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் சுமையின் 170 சதவீதத்தில், இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். வாரம் ஐந்து நாள் பயிற்சி, அதில் ஒரு நாள் அரை மணி நேரச் சீரான பயிற்சியும் உண்டு. வீட்டுத் தரையில் ஸ்குவாட் போடுகிற எங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது தவறான வாக்குறுதி. பயிற்சி முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரியும் என்ற விளம்பரமும் அப்படித்தான். அந்த விளைவு உண்மை, அளவு சொற்பம்.

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம், அல்லது 75 நிமிடத் தீவிர இயக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தத் திட்டம் மட்டும் அதை எட்டாது, அதனால் நான் நடையை விடவில்லை. இரண்டும் சேர்ந்து, இப்போது மூன்று மாடி ஏறியதும் நின்று மூச்சு வாங்காமல் பேசுகிறேன்.

செயலியை உருவாக்கியவர்கள் அவசியம் திருத்த வேண்டியது ஒன்று. ஆரம்பத்தில் நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் பற்றிய கேள்விகள் வருகின்றன. 'ஆம்' என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டால் பயிற்சி தொடங்கிவிடுகிறது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதயத்துடிப்பு எண்ணே பொருந்தாது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெருக்கல் குறியை எடுத்துவிடுங்கள்.