கடப்பா கல் தடுப்பா, பிளைவுட் பெட்டியா: மேடைக்குக் கீழே எதைப் போடுவது?

சமையல் மேடைக்குக் கீழே கதவு போட நம்மூரில் இரண்டு வழி உண்டு. கொத்தனார் நிறுத்திய கடப்பா கல் தடுப்புகளின் முகப்பில் மரச்சட்டம் அடித்து, அதில் ஷட்டர் மாட்டுவது ஒன்று. பிளைவுட்டில் பெட்டி செய்து உள்ளே தள்ளி, கதவைப் பெட்டியிலேயே மாட்டும் மாடுலர் முறை இன்னொன்று. மாடுலர் கடைக்காரரைக் கேட்டால் பெட்டிதான் என்பார், ஆசாரியைக் கேட்டால் சட்டம் போதும் என்பார். அந்த இடத்தில் இழுப்பறை வருமா, தண்ணீர் வருமா என்று பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

இழுப்பறைக்குப் பெட்டிதான். 600 மி.மீ. பெட்டியில் 18 மி.மீ. பலகை இரண்டு போக 564 மிஞ்சும். இழுப்பறை ஓடும் தண்டவாளமான சேனலுக்குப் பக்கத்துக்கு 13 விட்டால் இழுப்பறையின் அகலம் 538. அதே 600 கல் இடைவெளியில் இருபுறமும் 40 மி.மீ. சட்டம் வந்தால் 520 ஆகிறது. சேனலும் போக 494தான். இடம் போவது ஒரு பக்கம். சட்டம் உள்ளே துருத்துவதால் சேனலைக் கல்லில் நேரே பொருத்த முடியாது, கட்டை கொடுத்து நிரவ வேண்டும். கட்டைக்காகக் கடப்பாவின் ஓரத்தில் துளை போட்டால் ஏடாகப் பெயரலாம். கல் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதும் அபூர்வம். முன்னுக்கும் பின்னுக்கும் 2 மி.மீ. மாறினாலே சேனல் இறுகும்.

சிங்க்குக்குக் கீழே கதை தலைகீழ். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பது உண்மைதான், ஆனால் அது பசைக்கு வைக்கும் சோதனை. குழாய்க்காக வீட்டில் வெட்டும் ஓட்டையின் ஓரத்தில் மைக்காவும் இல்லை, விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையும் இல்லை. கசிவு நுழைவது அங்கேதான். பிளைவுட்டுக்குப் பதில் மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால், ஒருமுறை ஊதினால் பழையபடி சுருங்காது. கடப்பா என்றால் துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். கல்லிலும் கெடுவது கீழ்ச்சட்டம்தான்: தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டில் அதை அடிக்கவே வேண்டாம், பக்கச் சட்டங்களையும் தரையில் முட்டாமல் நிறுத்துங்கள்.

14.2 கிலோ சிலிண்டருக்கும் கல் தடுப்புதான், அடிப்பலகை இல்லாமல். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே ஷட்டரில் காற்றுத் துளை அடியில் இருக்க வேண்டும். பார்வைக்கு அழகு என்று மேலே மட்டும் ஜாலி வைப்பதில் பலனில்லை.

கல் தடுப்பு ஏற்கெனவே நிற்கிறது, இழுப்பறையும் வேண்டும் என்றால், மேல், கீழ், முன், பின் என நாலு இடத்திலும் இடைவெளியை அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து 5 மி.மீ. கழித்துப் பெட்டி செய்யுங்கள். கல்லும் பலகையுமாகச் சேர்ந்து இடத்தைத் தின்னும், வேறு வழியில்லை.

கீல் வாங்கும்போது தவறு அதிகம் நடக்கும். கதவு பலகையை முழுக்க மூடினால் ஜீரோ கிராங்க் (கிராங்க் என்பது கீலின் கை வளைவு), நடுப்பலகையை இரண்டு கதவுகள் பங்கிட்டால் எட்டு, சட்டத்துக்குள் அமர்ந்தால் பதினாறு. சேனலுக்கு ஆழம் பாருங்கள்: 560 ஆழப் பெட்டிக்கு 500 மி.மீ. பொருந்தும், பின்னால் குழாய் ஓடினால் 450.