மூன்று புரொஜெக்டர், ஒரே திரை என்று சொல்லி ரூ. 1,40,000 வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள்: எச்சரிக்கை

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மதுரையில் எங்கள் நாடகக் குழுவின் புதிய நாடகம் மேடையேறியது. வங்கி ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களுமாக நாங்கள் பதினோரு பேர், எட்டு மாதங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த ரூ. 1,40,000-ஐ மேடைப் பின்னணிக் காட்சிக்காக ஓர் ஒலி-ஒளி வாடகைக் கடைக்குக் கொடுத்தோம். கடையின் பெயரை இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் நண்பர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

எங்களுக்கு வேண்டியது 39 அடி அகலத் திரை. ஒவ்வொன்றும் 15 அடி அகலத்துக்குப் படம் வீசும் மூன்று புரொஜெக்டர்களை வரிசையாக வைத்து, பக்கத்துப் படங்கள் இரண்டும் மூன்றடி ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அமைத்து, அந்த விளிம்புகளின் ஒளியைப் படிப்படியாகக் குறைத்தால் ஒரே படமாகத் தெரியும். எட்ஜ் பிளெண்டிங் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெட்டிகளைக் கம்பியால் இணைப்பதுபோல் திரையிலேயே நிரல் அமைக்கும் டச்டிசைனர் மென்பொருளில் இதைச் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

நான் அவரை நம்பிய நிமிடத்தைச் சொல்லியாக வேண்டும். கடையின் பின்னறையில் இரண்டு புரொஜெக்டர்களை வெள்ளைச் சுவரில் அடித்து, வெயில் காயும் நெல்வயல் ஒன்றைக் காட்டினார். சுவரின் நடுவில் ஒரு பட்டை இருண்டு கிடந்தது. "அண்ணா, நீங்களே மவுஸைப் பிடிங்க" என்று என் கையில் கொடுத்தார். காமா என்று எழுதியிருந்த எண்ணை 1-இலிருந்து 2.2 வரை நான் நகர்த்த நகர்த்த, அந்தப் பட்டை கரைந்து வயல் முழுமையாக விரிந்தது. கணினி பாதி என்று அனுப்பினால் புரொஜெக்டர் ஏறத்தாழ 22 சதவீத ஒளியைத்தான் தரும், இரண்டும் சேர்ந்தாலும் 44-தான் வரும், அதனால்தான் நடுவில் இருள்கிறது என்று ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் வரைந்தும் காட்டினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இன்றும் எனக்கு வயிற்றெரிச்சல் அதனால்தான். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்து அங்கேயே நின்றபடி ரூ. 1,00,000-ஐக் கைப்பேசியில் அனுப்பினேன். அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

நாடகத்தன்று காலையில் மீதி ரூ. 40,000-ஐ வாங்கிக்கொண்ட பிறகுதான் பெட்டிகளைப் பிரித்தார்கள். நடுவில் வைத்த புரொஜெக்டர் வேறு மாடல்; அதன் வெள்ளையே நீலம் பாரித்திருந்தது. மெனுவில் பார்த்தபோது விளக்கு 3,100 மணி நேரம் எரிந்து முடித்திருந்தது. கேட்டதற்கு, இருட்டில் தெரியாது என்றார்கள்.

இருட்டில்தான் எல்லாம் தெரிந்தது. இரண்டாம் காட்சி நள்ளிரவுக் கடல். தொலைவில் ஒரே ஒரு படகு விளக்கு. அரங்கின் விளக்குகள் அணைந்ததும் கடலுக்கு நடுவே மூன்றடி அகலத்தில் இரண்டு சாம்பல் தூண்கள் எழுந்து நின்றன. புரொஜெக்டர் கறுப்பு என்று காட்டுவதிலும் கொஞ்சம் ஒளி கசியும். இரண்டு படங்கள் சேரும் இடத்தில் அந்தக் கசிவு இரட்டிப்பாகும். மற்றப் பகுதிகளின் கறுப்பையும் அதே அளவுக்கு உயர்த்திச் சமன் செய்வது இந்த வேலையின் ஒரு பகுதி என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கடையில் காட்டிய பகல் வயலுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கதாநாயகனின் தாய் கடலைப் பார்த்து அழும் இடத்தில் முன்வரிசையில் யாரோ, "அது என்ன, பாலத்தோட தூணா?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

படம் தெளிவில்லாமலும் இருந்தது. அது ஏன் என்பதை என் அக்காள் மகன் கண்டுபிடித்தான். அவர்கள் ஓட்டியது டச்டிசைனரின் வணிகமல்லாத பயன்பாட்டுக்கான இலவசப் பதிப்பு. அதில் படத்தின் அளவு 1280-க்கு 1280 புள்ளிகளைத் தாண்டாது. எங்கள் திரைக்கு 4,992 புள்ளி அகலம் வேண்டியிருக்க, முழுக் காட்சியையும் 1280-க்குள் சுருக்கி, அதையே மூன்றாக வெட்டி ஊதிக் காட்டியிருக்கிறார்கள். மென்பொருள் உரிமத்துக்கென்று தனியாக ஒரு தொகையை அந்த ரூ. 1,40,000-க்குள் எழுதி வாங்கியவர்கள் இவர்கள்.

பிறகு நடந்தது வழக்கமான அலைக்கழிப்பு. அன்றிரவு கேட்டபோது புகை இயந்திரத்தால் வந்த கோளாறு என்றார். புகை இயந்திரமே நாங்கள் வைக்கவில்லை என்றதும் திரைத் துணி சரியில்லை என்றார். திங்கட்கிழமை டெக்னீஷியன் ஊருக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை, "டெமோ பாத்துட்டுத்தானே பணம் குடுத்தீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டார். ரூ. 1,40,000-க்கு என்னிடம் இருப்பது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு மதிப்பீட்டுத் தாள் மட்டும். நாங்களாவது திருத்திக்கொள்கிறோம், நிரல் கோப்பைக் கொடுங்கள் என்றால் அதற்கு இன்னும் ரூ. 18,000 கேட்கிறார்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. டெமோவை விளக்குகளை அணைத்துவிட்டு, முழுக் கறுப்புப் படத்தில் பாருங்கள். எல்லாப் புரொஜெக்டர்களும் ஒரே மாடலா, விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மெனுவில் பாருங்கள். கோப்பும் உரிமமும் யாருடையவை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒத்திகை முடியும்வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் நேற்று அதில் புகார் பதிந்தேன்.

புகாரைப் பதிந்துவிட்டு அவருடைய வாட்ஸ்அப் நிலைத்தகவலைப் பார்த்தேன். எங்கள் நாடகத்தின் முதல் காட்சியை, பகல் வெளிச்சத்தில் இருக்கும் அந்த ஒரு காட்சியை மட்டும், தம் கடையின் வேலை என்று போட்டிருக்கிறார்.