சீனா செல்லும் வணிகர்களின் கவனத்துக்கு: ‘வாட்ஸ்அப் ஓடும்’ என்று சொல்லி விற்கப்பட்ட இ-சிம்

கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்தும் நான், கடந்த அக்டோபரில் குவாங்சோ நகரில் நடந்த கேன்டன் வணிகக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். வீட்டு உபயோகப் பொருள்களுக்கான இரண்டாம் கட்டம் ஐந்தே நாள்தான் நடக்கும். அதில் முதல் இரண்டு நாள்களை, இணையத் தொடர்புக்கென்று நம்பி வாங்கிய ஓர் இ-சிம்மால் (அட்டையாக இல்லாமல், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கைப்பேசிக்குள் ஏற்றும் சிம்) இழந்தேன். ஏப்ரல் கண்காட்சிக்கு நம் ஊர்களிலிருந்து பலர் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் நேரம் இது என்பதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சீனாவில் வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள், ஃபேஸ்புக் எவையும், அந்நாட்டு அரசு தடுத்திருப்பதால், சாதாரணமாக வேலை செய்யாது என்பது எனக்கு முன்பே தெரியும். அங்குள்ளவர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட்டையோ, 2020 ஜூனில் நம் அரசு தடை செய்த செயலிகளில் ஒன்று என்பதால், இங்கிருந்து பதிவிறக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. ஆகவே பயணிகள் குழு ஒன்றில் அறிமுகமான ஒரு விற்பனையாளரிடம், பணம் கட்டும் முன்பே இதைக் குறிப்பாகக் கேட்டேன். “எல்லாம் ஓடும் சார், விபிஎன் உள்ளேயே இருக்கு, பத்து நாளுக்கு அன்லிமிடெட்” என்று எழுத்திலேயே பதில் வந்தது. (விபிஎன் என்பது இத்தகைய தடுப்பைத் தாண்டி இணையத்தை அடைய உதவும் செயலி.) “இந்திய சிம்மை ஆஃப் பண்ணிடுங்க, இல்லாட்டி பில் எகிறிடும்” என்றும் அறிவுறுத்தினார். 2,600 ரூபாயை அவருடைய சொந்த எண்ணுக்கு யூபிஐயில் அனுப்பினேன். ரசீது கேட்காதது என் தவறு.

குவாங்சோவில் இறங்கியதும் சிக்னல் முழுதாக இருந்தது. 5ஜி என்றும் காட்டியது. ஆனால் “வந்து சேர்ந்துவிட்டேன்” என்று என் மனைவிக்கு அனுப்பிய செய்தியின் ஓரத்தில் இருந்த சின்னக் கடிகாரக் குறி, விமான நிலையத்திலிருந்து விடுதி போய்ச் சேரும் வரையிலும் மாறவே இல்லை. சீன இணையதளங்கள் மட்டும் நொடியில் திறந்தன. ‘உள்ளேயே இருக்கிறது’ என்று சொல்லப்பட்ட விபிஎன், அவர் அனுப்பிய குறிப்பின் கடைசியில் இருந்த ஒரு ப்ளே ஸ்டோர் இணைப்புதான். ப்ளே ஸ்டோரும் கூகுளுடையது என்பதால் அங்கே அது திறக்காது. விடுதியின் வைஃபையிலும் இதே நிலைதான்.

வேறு வழியின்றி அணைத்து வைத்திருந்த இந்திய சிம்மை இயக்கினேன். இயக்கியவுடன், அதுவரை வந்து சேராமலிருந்த வங்கியின் ஓடிபிகள் மூன்று, நேரம் முடிந்துபோன நிலையில் வரிசையாக வந்து விழுந்தன. விற்பனையாளரை அழைத்தேன். “புரொஃபைலை டெலீட் பண்ணிட்டு க்யூஆரை மறுபடி ஸ்கேன் பண்ணுங்க சார்” என்றார். அப்படியே, கைப்பேசியில் ஏற்றியிருந்த இ-சிம்மை அழித்தேன். பெரும்பாலான இ-சிம்களை ஒரு முறைதான் நிறுவ முடியும் என்பதும், அழித்துவிட்டால் அதே குறியீடு மீண்டும் ஏற்காது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அதை விற்பதையே தொழிலாகக் கொண்ட அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஸ்கேன் செய்தபோது ‘இந்தக் குறியீடு செல்லாது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. அத்துடன் இருந்த தொடர்பும் போயிற்று.

மறுநாள் பீங்கான் கோப்பைகளும் சிலிகோன் கரண்டிகளும் செய்யும் ஓர் உற்பத்தியாளர், ஒரு கன்டெய்னருக்கு நல்ல விலை சொல்லி, மாலைக்குள் உறுதி செய்யும்படி கேட்டார். என் மைத்துனர்தான் பங்குதாரர். படங்களையும் விலைப்பட்டியலையும் அவர் பார்க்காமல் நான் முன்பணம் கொடுக்க முடியாது. படத்தை அனுப்ப வழியில்லாமல் அந்த அரங்கின் முன்னே நின்றுகொண்டிருந்தேன். மாலையில் அந்தச் சரக்கு வேறொருவருக்குப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் உணவுக்கூடத்தில் சந்தித்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர், “முதல்ல என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கங்க அண்ணா” என்று சொல்லிவிட்டு, விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். சீனாவில் நாம் பிடிப்பது எந்த டவர் என்பது பொருட்டே அல்ல. நம் டேட்டா எந்த நாட்டின் வழியாக இணையத்துக்குள் நுழைகிறது என்பதே கேள்வி. இந்திய சிம்மில் ரோமிங் போட்டால், சீன டவரைப் பிடித்தாலும் டேட்டா இந்திய நிறுவனத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. அதனால் அந்நாட்டுத் தடுப்பு அதைத் தொடுவதில்லை. ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் வழியாக வெளியேறும் பயண இ-சிம்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சீன நிலப்பகுதியிலேயே வெளியேறும் சிம்மோ விடுதி வைஃபையோ தடுப்புக்குள் சிக்கிவிடும். எனக்கு விற்கப்பட்டது அத்தகைய ஒன்று. நம் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அதில் எந்த நாட்டின் பெயர் வருகிறது என்று பார்த்திருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். அவருடைய ஹாட்ஸ்பாட்டிலேயே என் போஸ்ட்பெய்டு எண்ணுக்கு ரோமிங் பேக் போட்டேன். பத்து நிமிடத்தில் மனைவியின் குரலைக் கேட்டேன், “என்னங்க, ரெண்டு நாளா எங்க போனீங்க?” என்பதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

ஆகவே, இ-சிம் வாங்குகிறவர்கள் ‘விபிஎன் உண்டா’ என்று கேட்க வேண்டாம். ‘டேட்டா எந்த நாட்டில் வெளியேறும்’ என்று கேளுங்கள். இதற்கு நேரான பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். இந்திய சிம்மை எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம்; அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், வெளிநாட்டு ரோமிங் வசதி உள்ள எண் என்றால் ஓடிபி வந்துகொண்டிருக்கும். ‘அன்லிமிடெட்’ என்பதிலும் பல திட்டங்களில் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி வரைதான் வேகம் கிடைக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போன பிறகு யாரோ தரும் இலவச விபிஎன்னை, வங்கிச் செயலிகள் உள்ள கைப்பேசியில் ஏற்றுவதை நான் அறவே பரிந்துரைக்க மாட்டேன். அனுமதி பெறாத விபிஎன்களை விற்றவர்களுக்கு அந்நாட்டில் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டிருக்கிறது.

ஊர் திரும்பியதும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “புரொஃபைலை நீங்கதானே சார் டெலீட் பண்ணீங்க, ரீஃபண்ட் கிடையாது” என்றார். அழிக்கச் சொன்னது அவர்தான் என்பது தொலைபேசியில் நடந்த பேச்சு. அதற்கு என்னிடம் சான்று இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் எழுதிக் கொடுத்த உறுதியைக் காட்டலாம் என்று உரையாடலைத் திறந்தால், அந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்; பில்லோ ஸ்கிரீன்ஷாட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். யூபிஐ பரிவர்த்தனை எண் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.