நீர்ப்பூங்காவின் கல்லாவுக்கு நோட்டு எண்ணும் இயந்திரம்: ஒரு மதிப்புரை

பல மதிப்பு நோட்டுகளைக் கலந்து வைத்தாலும் மொத்தத் தொகையையும், எந்த நோட்டு எத்தனை என்ற பிரிவையும் காட்டக்கூடிய எண்ணும் இயந்திரங்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. கடற்கரையை ஒட்டிய ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவின் கணக்குப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில், அவற்றில் ஒற்றைத் தட்டு, ஐயத்துக்குரிய நோட்டுகளுக்கெனத் தனித் தட்டும் உள்ள இரட்டைத் தட்டு ஆகிய இரு வகைகளையும் கோடை விடுமுறையிலும் காணும் பொங்கல் கூட்டத்திலும் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். கூட்டம் மிகுந்த இடத்துக்கு இரட்டைத் தட்டு இயந்திரமே ஏற்றது. ஒற்றைத் தட்டு இயந்திரம் ஒரு மளிகைக் கடைக்கு நன்றாகவே உழைக்கும், ஆனால் பத்துப் பதினைந்து கவுண்டர்களின் பணம் ஒரே நேரத்தில் வந்து குவியும் அறைக்குப் பற்றாது.

யூபிஐ வந்த பிறகும் இத்தனை ரொக்கமா என்று கேட்பவர்கள், பண்டிகை நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும்போது கைப்பேசிச் சமிக்ஞை என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நுழைவாயிலில் ஒருவாறு சமாளித்தாலும், உள்ளே போனவர்கள் கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டுச் செலவுக்குச் சில நோட்டுகளை மட்டுமே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வார்கள். லாக்கருக்கும் வாடகை உடைக்கும் வாங்கிய முன்பணத்தை மாலையில் திருப்பித் தர வேண்டியிருப்பதால், காலையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக உள்ளே வந்த பணம் மாலையில் நூறும் ஐம்பதுமாக வெளியே போகிறது. ஆகவே இங்கே மொத்தத் தொகையைவிட, எந்த நோட்டு எத்தனை கைவசம் இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்வது எந்த இயந்திரத்துக்கும் எளிதன்று. 2016 முதல் வந்த வரிசையில் நூறு ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐந்நூறு 150. மூன்றின் அகலமும் 66 மில்லிமீட்டர்தான். மதிப்புக்கு மதிப்பு நான்கு மில்லிமீட்டரே வேறுபாடு. ஓரம் மடங்கிய ஐந்நூறு, நீளத்தை மட்டும் அளக்கும் மலிவான இயந்திரத்தின் கண்ணுக்கு இருநூறாகத் தெரிந்துவிடலாம். இதற்கு நடுவே 157 மில்லிமீட்டர் நீளமுள்ள பழைய நூறு ரூபாய் நோட்டும் செல்லுபடியாகும் பணமாகப் புழக்கத்தில் இருக்கிறது. எனவே நோட்டின் முகத்தைப் படமாகப் பிடித்துப் படிக்கும் உணரி (சென்சார்) இல்லாத இயந்திரத்தை, விற்பவர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்க வேண்டாம். வாங்குமுன் பழைய வரிசை, புதிய வரிசை, மடிந்தவை, ஓரம் கிழிந்தவை என்று எல்லாவற்றையும் கலந்து ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர் தரும் மொடமொடப்பான நோட்டுகளை ஒதுக்கிவிட்டு, அதைக் கொண்டே சோதியுங்கள்.

ஒற்றைத் தட்டு இயந்திரத்தின் பெருங்குறை, ஐயத்துக்குரிய நோட்டு வந்ததும் நின்றுவிடுவது. நிமிடத்துக்கு 1,000 நோட்டு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். நல்ல நோட்டுகளாக இருந்தால் அது உண்மைதான். நீர்ப்பூங்காவின் நோட்டுகளுக்கோ அது சில தாள்களுக்கு ஒருமுறை நின்று, பீப் ஒலி எழுப்பி, அந்த நோட்டை எடுத்த பின்னரே மறுபடி ஓடும். பொறுமையிழந்த காசாளர் ஐயநோட்டைக் கட்டின் நடுவிலேயே திரும்பச் செருகிவிட்டால் கணக்கு குழம்புகிறது. இரட்டைத் தட்டு இயந்திரம் அத்தகைய நோட்டுகளைத் தனித் தட்டுக்குத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் அந்தச் சிறு குவியலை மட்டும் கையால் பார்த்தால் போதும். விலை பல மடங்கு என்றாலும் கொடுத்த காசு வீண்போகவில்லை.

ஈர நோட்டுக்கு எந்த இயந்திரமும் மருந்தன்று. இரண்டு நோட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இரட்டை நோட்டு என்று எச்சரிக்கும். அதிகம் நனைந்தது உருளையில் சுற்றிக்கொள்ளும். மின்விசிறிக்கு அடியில் துணி விரித்து உலர்த்திய பிறகே நாங்கள் எண்ணுகிறோம், அதனால் எண்ணும் நேரத்தைவிட உலர்த்தி நிமிர்த்தி அடுக்கும் நேரமே அதிகம். புறஊதா விளக்குச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. உண்மையான நோட்டின் காகிதம் அந்த ஒளியில் மங்கலாகவே இருக்க, எண் வரிசை, இழைகள் போன்ற சில பகுதிகள் மட்டும் ஒளிரும். சட்டைப் பையோடு சலவைக்குப் போய்வந்த நோட்டிலோ சோப்புத் தூளின் வெண்மையூட்டி படிந்து முழுக் காகிதமும் ஒளிரும். இயந்திரம் அதைக் கள்ளநோட்டு என்று ஒதுக்குவது நியாயமே. அதை மறுபடி கண்ணால் பார்க்காமல் தீர்ப்பளிப்பதுதான் அநியாயம்.

கள்ளநோட்டைப் பொறுத்தவரை, உள்ளறையில் எவ்வளவு நுட்பமான இயந்திரம் இருந்தாலும் அது காலம் கடந்த கண்டுபிடிப்பே. வங்கிக்குப் போனால் அவர்கள் நோட்டைப் பறிமுதல் செய்து, முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டு தருவார்கள். ஈடாகப் பணம் கிடைக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரே பரிவர்த்தனையில் ஐந்து அல்லது அதற்கு மேல் கண்டறியப்பட்டால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையே பதிவாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு சிறு புறஊதா விளக்கை வைத்து, டிக்கெட் கொடுப்பதற்கு முன்பே ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் காட்டிப் பார்ப்பதற்குச் செலவிடுவது, பெரிய இயந்திரத்துக்குக் கூடுதலாகச் செலவிடுவதைவிட முந்திய தேவை.

நாணயத்துக்கு இந்த இயந்திரம் உதவாது என்பதைச் சிலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள். தராசில் நிறுத்து எண்ணலாம் என்ற யோசனையும் இங்கே பலிக்காது. ஐந்து ரூபாயிலேயே 9 கிராம் எடையுள்ள பழைய நாணயமும், 6 கிராம் நாணயமும், 2019 வரிசையின் 6.74 கிராம் நாணயமும் ஒன்றாகக் கிடக்கின்றன. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தும் வாங்க மறுக்கும் வாடிக்கையாளர்கள் இருப்பதால், அவை எங்களிடம் வருகின்றனவே தவிர வெளியேற மறுக்கின்றன.

அச்சுப்பொறி இணைப்பை விற்பவர்கள் கூடுதல் வசதி என்பார்கள். எங்களுக்கு அது அடிப்படைத் தேவை. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் கவுண்டர் எண்ணோடு பிரிவுச் சீட்டு அச்சாகி, காசாளரும் மேற்பார்வையாளரும் அதில் கையொப்பமிடத் தொடங்கியதிலிருந்து பற்றாக்குறைத் தகராறு மிகவும் குறைந்துவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி புதிய வடிவ நோட்டு வெளியிட்டால் மென்பொருளைக் கட்டணமின்றிப் புதுப்பித்துத் தர வேண்டும். தேய்ந்த ரப்பர் உருளைகளை மாற்ற ஆள் வரும்வரை மாற்று இயந்திரம் தர வேண்டும். உப்புக் காற்றும் ஈரத் தூசும் உணரிகளில் படியும் கடற்கரை இடங்களில் தினமும் தூரிகையால் துடைத்தாலும் உருளைகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வழுக்கத் தொடங்குகின்றன. அதுவும் பெரும்பாலும் சேவைப் பொறியாளர்களும் விடுப்பில் இருக்கும் பொங்கல் வாரத்தில்.